ஜெற் ஸ்கீயை வள்ளத்தில் கட்டி இழுக்கலாமா?

கேள்வி: நாயாற்றில் சுற்றுலாவுக்கு வருபவர்களை ஏற்றி ஓட, கொழும்பு வியாபாரி ஒருவரிடம் பழைய யமஹா ஜெற் ஸ்கீ (தண்ணீரில் ஓடும் ஸ்கூட்டர்) ஒன்று பார்த்து வைத்திருக்கிறோம். முல்லைத்தீவுக் கரையில் இறக்கி, மச்சானின் 40 குதிரைவலு பைபர் வள்ளத்தின் பின்னால் கட்டிக் கடல்வழியே கொண்டுபோக யோசனை. "எந்த வேகத்திலும் இழுக்கலாம், ஒன்றும் ஆகாது" என்கிறார் வியாபாரி. நம்பலாமா? என்ன கயிறு வாங்குவது?

பதில்: இழுக்கலாம். "எந்த வேகத்திலும்" என்றாரே, அதுதான் பிழை.

ஜெற் ஸ்கீயின் எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர், பின்பக்கப் பம்பில் இருந்து ரப்பர் குழாய் வழியே ஏறுகிறது. எஞ்சின் ஓடும்போது புகை அதை வெளியே தள்ளிவிடும். எஞ்சினை நிறுத்திவிட்டு வேகமாக இழுத்தால் தண்ணீர் அதே குழாயால் ஏறும், ஆனால் தள்ளிவிடப் புகை இல்லை. முதலில் சைலன்சர் நிரம்பும், பிறகு சிலிண்டருக்குள் இறங்கும். அது தெரியாமல் ஸ்ராட் பண்ணினால் எஞ்சினுக்குள் பிஸ்டனைத் தள்ளும் ரொட் வளைந்துவிடும். வாங்கிய விலையில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும்.

யமஹா, கவாசாகி கையேடுகள் பலவற்றில் இழுக்கும் வேகம் மணிக்கு 8 கிலோமீற்றர்தான். சில சீ-டூ மாடல்களுக்கு 24 வரை போகலாம். உங்கள் மாடலின் கையேட்டைக் கேட்டு வாங்குங்கள்; கிடைக்காவிட்டால் 8ஐத் தாண்ட வேண்டாம். முல்லைத்தீவில் இருந்து நாயாற்று முகத்துவாரம் 15 கிலோமீற்றருக்குக் குறையாது, ஆகவே இரண்டு மணித்தியாலம் பிடிக்கும். மீனோடு கரைக்கு ஓடிவந்து பழகிய கைக்கு இது பெரிய சோதனை. மச்சானிடம் விட்டுவிடாமல், கைபேசியில் ஜிபிஎஸ் வேகத்தைப் பார்த்துச் சொல்ல ஒருவர் கூடப் போகட்டும். அந்த ரப்பர் குழாயைக் கிளாம்ப் போட்டு இறுக்குவதும் உண்டு. நல்ல வழிதான். ஆனால் கழற்ற மறந்து ஸ்ராட் பண்ணினால் குளிர்விக்கத் தண்ணீர் இல்லாமல் எஞ்சின் கொதித்துக் கெடும். கிளாம்ப் போட்டால் ஹாண்டிலில் ஒரு சிவப்புத் துணி கட்டிவையுங்கள்.

கயிறு மிதக்க வேண்டும். நைலோன் நன்றாக இழுபடும், ஆனால் தாழும். வள்ளம் வேகம் குறைந்த நேரம் புரொப்பெல்லரில் சுற்றிக்கொள்ளும். பொலிபுரொப்பிலீன் மிதக்கும். கடையில் பெயர் தெரியாவிட்டால் ஒரு துண்டை வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். கயிற்றை ஜெற் ஸ்கீயின் மூக்கடியில் இருக்கும் வளையத்தில் கட்டுங்கள், ஹாண்டிலில் அல்ல. வள்ளத்தில் பின்பக்கம் இரண்டு மூலையிலும் கட்டி நடுவில் சேர்த்தால் எஞ்சினில் உரசாது, நேராகவும் வரும். ஜெற் ஸ்கீயின் மூடிகளும் அடியில் உள்ள வடிகால் அடைப்புகளும் இறுக்கமா என்று பாருங்கள். மேலே ஒருவரும் இருக்கக்கூடாது. அவசரத்துக்குக் கயிற்றை வெட்ட வள்ளத்தில் ஒரு கத்தி கைக்கெட்ட இருக்கட்டும். ஜெற் ஸ்கீ கவிழ்ந்தால் அதன் பின்பக்க ஸ்ரிக்கர் காட்டும் திசையில் மட்டும் நிமிர்த்துங்கள், மறுபக்கம் நிமிர்த்தினால் சைலன்சர் தண்ணீர் எஞ்சினுக்குள் போகலாம்.

வாடைக்காற்று மாதங்களில் இந்த வேலையே வேண்டாம். என்னைக் கேட்டால் மற்ற மாதங்களிலும் ட்ரக்டர் பெட்டியில் பழைய ரயர் போட்டு, அதன்மேல் வைத்துக் கட்டி றோட்டால் கொண்டுபோவேன். கூலி எவ்வளவானாலும் எஞ்சின் விலை வராது.

இனி வியாபாரி விஷயம். இழுப்பதைப் பற்றி இப்படிச் சொல்பவர் இந்த மெஷினையும் அப்படியே இழுத்திருக்கலாம். காசு கொடுக்க முன் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஈரம், துரு பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு சிலிண்டரிலும் கொம்பிறஷன் (உள்ளே காற்று அழுத்தப்படும் அளவு) அளக்கச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் மிகக் குறைவென்றால் விட்டுவிடுங்கள். தண்ணீரில் இறக்கி ஓட்டிக் காட்டாமல் வாங்காதீர்கள். பில்லில் எஞ்சின் இலக்கமும் உடல் இலக்கமும் எழுதப்பட்டிருக்க வேண்டும், "எஞ்சினுக்குள் தண்ணீர் போகவில்லை" என்பதையும் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். பிறகு பிரச்சினை வந்தால், விற்ற நாளில் இருந்து மூன்று மாதத்துக்குள் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம். விசாரிக்க 1977 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. பில் இல்லாமல் போனால் முறைப்பாட்டை நிறுவுவது கஷ்டம்.