வாசகர் கேள்வி – ஆசிரியர் பதில்: இறந்த தாத்தாவின் கைரேகை

கேள்வி: மூன்றாண்டுகளுக்கு முன் இறந்துபோன தாத்தா நியாயவிலைக் கடைக்கு வந்து கைரேகை வைக்கிறார்; இயந்திரமும் அதை ஏற்றுக்கொள்கிறது. நான் அனுப்பிய இந்தக் கதையைத் திருப்பிவிட்டீர்கள். மாயக் கதைகளுக்குத் தமிழ் இலக்கிய இதழ்களில் இடமே இல்லையா?
– வாசகி, கோவில்பட்டி

பதில்: அப்படிச் சொல்லிவிட முடியாது. 1943இல் 'கலைமகள்' வெளியிட்ட புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் கடவுளே சென்னைக்கு வந்துவிடுகிறார். ஆனால் அவர் வருவதற்கு முன்பே, டிராமில் போனால் வெற்றிலைக்குக் காலணா மிஞ்சும், பஸ்ஸில் கண்டக்டரை ஏமாற்றிச் சிறிது தூரம் போய்விட்டால் அரைக் கப் காப்பி குடிக்கலாம் என்று பிள்ளையவர்கள் தெருமுனையில் நின்று கணக்குப் போடுவதைப் பார்த்துவிடுகிறோம். அந்தக் காலணாக் கணக்கு பிசகாமல் இருப்பதால்தான் பின்னால் வருகிற கடவுளை நாம் சந்தேகிப்பதில்லை.

உங்கள் கதையை மறுபடியும் எடுத்துப் படித்தேன். தாத்தாவின் கட்டைவிரல் ஈரமாக இருப்பதால் ரேகை முதல்முறை பதியாமல் போக, விற்பனையாளர் தலையை நிமிர்த்தாமலேயே, "வேட்டியில தொடச்சிட்டு வைங்க பெரியவரே" என்று சொல்லும் இடம் அருமை. அதற்குப் பின் இரண்டு பக்கங்களுக்கு ஆன்மா எவ்வாறு அலைகிறது என்று தாத்தாவே விளக்குகிறார். முடிவில் பேத்தி கண்விழித்து, எல்லாம் கனவு என்று அறிகிறாள். நீங்களே உங்கள் கதையை நம்பவில்லையோ என்று எனக்குத் தோன்றிய இடம் அதுதான். அவருடைய இழவுக்கு வந்துபோனவர்களும் அந்த வரிசையில் நிற்பார்கள் அல்லவா? அவர்கள் என்ன செய்தார்கள், பாமாயில் அன்று இருந்ததா, அரிசிப் பையைத் தூக்கியது யார் என்பவற்றைத்தான் நான் அறிய விரும்பினேன். எல்லாவற்றுக்கும் மேலாக, குடும்ப அட்டையிலிருந்து அவருடைய பெயரை வீட்டார் ஏன் இன்னும் நீக்கவில்லை என்பதை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள்; கதையே அங்கேதான் இருக்கிறது. விளக்கத்தையும் கனவையும் எடுத்துவிட்டு, அந்த ஒரு வரியை விரித்தெழுதி அனுப்புங்கள்.

கேள்வி: கதையுடன் வைக்கும் கடிதத்தில், இது மாய யதார்த்தமா (அன்றாட வாழ்வுக்குள் மாயம் நிகழும் கதை) அறிபுனைவா (அறிவியல் புனைகதை) என்று குறிப்பிட வேண்டுமா? எந்த வடிவில் அனுப்புவது?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: குறிப்பிட வேண்டாம். மூன்று பக்கக் கதைக்கு ஐந்து பக்க விளக்கம் எழுதி அனுப்பிய நண்பர் ஒருவர் உண்டு. விளக்கத்தை முதலில் படித்துத் தொலைத்ததால் அந்தக் கதைக்கு என்னால் நியாயம் செய்ய முடியாமல் போயிற்று. பெயர், முகவரி, தொலைபேசி எண், சொற்களின் எண்ணிக்கை, இக்கதை வேறெங்கும் வெளிவரவில்லை என்னும் ஒரு வரி ஆகியவை போதும். யூனிகோடு எழுத்துருவில் தட்டச்சு செய்து, வேர்டு கோப்பாக அனுப்புங்கள். பழைய எழுத்துருக்களில் வரும் கதைகள் எங்கள் கணினியில் திறக்கும்போது வெறும் கிறுக்கல்களாகத் தெரிகின்றன. (அவற்றையும் புதுவகைப் புனைவு என்று எண்ணி இரண்டு நிமிடம் உற்றுப் பார்த்த உதவியாசிரியர் எங்களிடம் இருந்தார்.) 300 சொற்களுக்கு உட்பட்ட குறுங்கதை என்றால் மூன்றை ஒரே கோப்பில் வைக்கலாம்.

கேள்வி: முகநூலில் நான் பதிவிட்ட குறுங்கதையை அனுப்பலாமா? ஒரே கதையை இரண்டு இதழ்களுக்கு அனுப்புவது தவறா?
– வாசகர், திருச்சி

பதில்: முகநூலில் வந்துவிட்டாலே வெளியானதாகத்தான் நாங்கள் கொள்கிறோம், பதிவை நீக்கிவிட்டு அனுப்பினாலும் அப்படியே. வேறோர் இதழின் பரிசீலனையிலும் இருக்கிறது என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் எங்களுக்கு வருத்தமில்லை. அங்கே ஏற்கப்பட்டவுடன் அன்றைக்கே ஒரு வரி எழுதிவிடுங்கள். பக்கம் வடிவமைத்து, ஓவியரிடம் படமும் வாங்கிய பிறகு, அதே கதையைப் பக்கத்துக் கடையில் தொங்கும் வேறோர் இதழில் பார்த்த அனுபவம் எங்களுக்கு உண்டு.