ஊற்று வற்றிய பிறகு தொட்டியில் வாழும் மீன்

கேள்வி: ஜெர்மனியில் வசிக்கிறேன். கில்லி எனப்படும் சின்ன மீன்களை வளர்க்கும் நண்பர், அவற்றில் ஒரு வகையான பொட்டோசி பப்ஃபிஷ் குஞ்சுகள் ஆறு தருகிறேன் என்கிறார். இயற்கையில் இந்த மீனே இப்போது இல்லையாமே? என்னிடம் வேறு பப்ஃபிஷ் இருக்கும் தொட்டியிலேயே விடலாமா? ஆறு மீனை வைத்து இனத்தைக் காப்பாற்ற முடியுமா?

பதில்: தனித் தொட்டி வைக்க இடம் இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் வேண்டாம். பப்ஃபிஷ் இனங்கள் ஒன்றோடொன்று எளிதில் கலந்துவிடும். அமெரிக்காவின் நெவாடாவில், அழியும் நிலையில் உள்ள டெவில்ஸ் ஹோல் பப்ஃபிஷுக்காகக் கட்டிய ஒரு காப்புத் தொட்டியில் அக்கம்பக்கத்து பப்ஃபிஷ் எப்படியோ புகுந்துவிட்டது. அங்கிருந்த கூட்டமே கலப்பினமாகி, காப்பு இருப்பாக உதவாமல் போனது. அரசு கண்காணித்த இடத்திலேயே இந்தக் கதி!

உங்கள் மீனின் சொந்த ஊர், மெக்சிகோவின் நுவோ லியோன் மாநிலத்து எல் பொட்டோசி ஊற்று. பாசனத்துக்கு நிலத்தடி நீரை இறைத்து இறைத்து ஊற்று சுருங்கியது. போதாக்குறைக்கு, யாரோ கொண்டுவந்து விட்ட பாஸ் மீன்கள் மிச்சத்தை வேட்டையாடின. 1990களில் இயற்கையில் கதை முடிந்தது. அதே ஊற்றில் மட்டும் வாழ்ந்த இன்னொரு கில்லி மெகுப்சிலான். அதையும் தொட்டிக்குக் கொண்டுவந்தார்கள், ஆனால் தொடர்ந்து பெருக்க முடியவில்லை. 2014இல் அந்த இனமே முடிந்துபோனது. ஆக, தொட்டிக்கு வந்துவிட்டாலே தப்பித்த மாதிரி இல்லை.

வளர்ப்பில் பெரிய தலைவலி ஆண் மீன்கள்தான். எல்லை பிடித்துக்கொண்டு மற்றவற்றை விரட்டும். அகலமான தொட்டியில் கல், பாசி என்று மறைவிடம் நிறைய வையுங்கள். அப்புறம், செயற்கை கம்பளி நூலைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டால் அதில் முட்டையிடும். கொத்தை அவ்வப்போது வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள், பெற்றவையே முட்டையைத் தின்றுவிடும்.

ஆறு மீனின் வழித்தோன்றல்களை மட்டும் வைத்து ஓட்டினால் சில தலைமுறைகளில் நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் நடந்து சந்ததி பலவீனமாகும். இதே மீனை வளர்க்கும் மற்றவர்களோடு குஞ்சுகளை மாற்றிக்கொள்ளுங்கள். எந்த மீன் எந்த வம்சாவளியில் வந்தது என்பதை எழுதி வையுங்கள். விவரம் தெரியாத மீனைச் சேர்க்க வேண்டாம். மிஞ்சியதை ஊர்க் குளத்தில் விடும் எண்ணமே கூடாது. எல் பொட்டோசி ஊற்றில் இருந்த பாஸ் மீனும் யாரோ கொண்டுவந்து விட்டதுதான்.