பானை அடியில் இருப்பது

கேள்வி: டொராண்டோ, லாஸ் ஏஞ்சலஸ் என்று குடியேறிவிட்ட ஈரானியர்களின் பிள்ளைகளிடம் வெறும் சோறும் புத்தாண்டும்தான் மிச்சமாமே? இதையெல்லாம் பண்பாடு என்று சொல்லிக்கொள்ளலாமா? (ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: ‘வெறும் சோறு’ என்று எழுத எப்படி மனம் வந்தது உங்களுக்கு? அதுவும் காவிரிப் பாசன ஊரில் இருந்துகொண்டு!

ஈரானிய வீட்டுச் சோற்றைச் சமைத்துப் பாருங்கள், அப்புறம் பேசுவோம். இரண்டு கப் பாஸ்மதியை நாலைந்து தண்ணீரில் கழுவி, உப்புத் தண்ணீரில் ஒரு மணி நேரமாவது ஊறப்போட வேண்டும். பெரிய பானையில் உப்பு தாராளமாகப் போட்ட தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது அரிசியைப் போட்டால் ஆறேழு நிமிடம். ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்தால் மேலே மெத்தென்றும் நடுவே சிறு நறுக்காகவும் இருக்க வேண்டும். அந்தப் பதத்தில் வடித்தாக வேண்டும். இரண்டு நிமிடம் அசந்தால் கையில் இருப்பது பொங்கல்.

அதற்குப் பிறகுதான் விஷயமே. அடிகனமான, ஒட்டாத பாத்திரத்தில் மூன்று நான்கு மேசைக்கரண்டி எண்ணெய். வடித்த சோற்றில் இரண்டு கரண்டி எடுத்துத் தயிரும் குங்குமப்பூத் தண்ணீரும் கலந்து அடியில் பரப்பி, மீதியைக் கோபுரமாகக் குவித்து, கரண்டிக் காம்பால் நாலைந்து துளை. நடுத்தரத் தீயில் பத்து நிமிடம். ஆவி வந்ததும் மூடிக்குத் துணி சுற்றி, சிறு தீயில் 45 நிமிடம். மூடியில் கோக்கும் தண்ணீர் சோற்றில் சொட்டாமல் உறிஞ்சத்தான் துணி. இறக்கியதும் பாத்திரத்தின் அடியைக் குளிர்ந்த நீரில் ஒரு நிமிடம் வைத்தால், பொன்னிறமாக முறுகிய அடிச்சோறு பிடிவிட்டு வரும். அதுதான் தஹ்தீக். எண்ணெயில் கஞ்சத்தனம் காட்டினால் வராது. பொறுமை இழந்து தீயை ஏற்றினால் நடுவில் கரி, ஓரத்தில் வெள்ளை. நம் வீட்டில் அடிப்பிடித்தால் சமைத்தவருக்கு அர்ச்சனை. அங்கே அடிப்பிடிக்காவிட்டால் அர்ச்சனை.

குங்குமப்பூவை முழுசு முழுசாகக் கொதிநீரில் எறிகிறவர்களோடு எனக்குள்ள பகை பழையது. ஒரு சிட்டிகைச் சர்க்கரையோடு பொடித்து, கொதி அடங்கிய வெந்நீரில் பத்து நிமிடம் மூடி வையுங்கள். இதைச் சொன்னதற்கு, குங்குமப்பூவைப் பாலில்தான் போட வேண்டும் என்கிற பால்பாயசக் கட்சியினர் இந்தப் பக்கத்தில் ஏற்கனவே சண்டைக்கு வந்தாயிற்று. மறுபடியும் வரட்டும்.

சமைக்கத் தெரியாத பிள்ளைகளுக்கென்றே ரைஸ் குக்கர் இருக்கிறது. நம் ஊர் குக்கர் இல்லை. அடி எவ்வளவு முறுக வேண்டும் என்று திருகி வைக்கும் ஈரானிய குக்கர்.

புத்தாண்டுக்கு வருவோம். நவ்ரூஸ் நள்ளிரவில் பிறப்பதில்லை. சூரியன் நிலநடுக்கோட்டைத் தாண்டி வடக்கே வரும் கணத்தில் பிறக்கிறது. 2025 மார்ச் 20இல் அந்தக் கணம் தெஹ்ரானுக்குப் பகல் 12.31, லண்டனுக்குக் காலை 9.01, டொராண்டோவுக்கு விடிகாலை 5.01, லாஸ் ஏஞ்சலஸுக்கு அகால 2.01. வியாழக்கிழமை வேறு, கல்லூரிக்கும் வேலைக்கும் லீவு கிடையாது. அலாரம் வைத்து எழுந்து பூண்டு, ஆப்பிள், வினிகர், சுமாக் என்னும் புளிப்புப் பொடி எல்லாம் பரப்பிய ஹஃப்த் சீன் விரிப்பின் முன் (பாரசீகத்தில் ‘ஸ’ ஒலியில் தொடங்கும் ஏழு பொருள்கள் வைக்கும் புத்தாண்டு விரிப்பு) உட்கார்ந்து, தெஹ்ரான் பாட்டியை வீடியோவில் கூப்பிடுகிறவனைப் பார்த்துத்தான் ‘மிச்சம்’ என்கிறீர்கள்.

விரிப்பில் வைக்கும் முளைப்பயிருக்கு இரண்டு வாரம் முன்பே வேலை தொடங்கிவிடும். கோதுமையை ஓர் இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் முளை கட்டி, தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பித் தினம் இரண்டு வேளை தண்ணீர் தெளிக்க வேண்டும். நெருக்கிப் போட்டால் பூஞ்சை பிடித்து நாறும். டொராண்டோ குளிருக்குப் பயந்து ஹீட்டர் பக்கத்தில் வைத்தால் காய்ந்து மஞ்சளாகும். தாமதமாக ஊறவைத்தவன் புத்தாண்டன்று மொட்டைத் தட்டோடு உட்கார வேண்டியதுதான்.

பாட்டியோடு பாரசீகத்தில் வாயடிக்கும் அதே பையனுக்கு அதை எழுத வராது என்பது மட்டும் பல வீடுகளில் உண்மை. குறுஞ்செய்தியை ஆங்கில எழுத்தில் தட்டுவான். நாம் சிரிக்க வேண்டாம். உங்கள் கேள்வியே ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழில்தான் வந்தது. அச்சுக்கு ஏற்றுவதற்குள் எங்கள் உதவி ஆசிரியருக்குத் தாவு தீர்ந்தது.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். அப்பா ஈரானியர் என்றால், டொராண்டோவில் பிறந்த பிள்ளையும் ஈரான் சட்டப்படி ஈரானியக் குடிமகனே. கனடாக் குடியுரிமை அங்கே செல்லாக்காசு; பாட்டியை நேரில் பார்க்க ஈரான் பாஸ்போர்ட் வேண்டும். அதை வாங்கக் கனடாவில் ஈரான் தூதரகம் கிடையாது, 2012இல் மூடியாயிற்று. காகிதங்கள் வாஷிங்டனுக்குப் போகும். அங்கும் தூதரகம் இல்லை. பாகிஸ்தான் தூதரகத்தின் பெயரில் இயங்கும் ஈரான் பிரிவுதான் பார்க்கும். பெண்ணென்றால் தலையில் முக்காட்டோடு புகைப்படம். பையனுக்கு 18 நிறைந்திருந்தால், கட்டாய ராணுவ சேவைக் கணக்கு எந்த நிலையில் இருக்கிறதென்று விசாரிக்காமல் விமான டிக்கெட் எடுக்க வேண்டாம்.