பார்மட் அடிக்கும் முன் கேட்டவையும் என் பதில்களும்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துபோனதால், டிஸ்கைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஓஎஸ் (இயங்குதளம்) போடுவது பற்றித்தான் இப்போது நிறையப் பேர் கேட்கிறீர்கள். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அண்ணா, லேப்டாப்பை விற்கப் போகிறேன். எல்லா ஃபைலையும் டெலீட் செய்து ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டேன். போதுமா?

போதாது தம்பி. வாக்காளர் பட்டியலில் பெயரை அடித்துவிட்டால் ஆள் ஊரைவிட்டே போய்விட்டார் என்று ஆகுமா? டெலீட்டும் அப்படித்தான், குவிக் பார்மட்டும் அப்படித்தான். பட்டியல்தான் போகும், தகவல் ஹார்ட் டிஸ்கிலேயே கிடக்கும். போட்டோரெக் மாதிரி ஒரு இலவச மென்பொருளை ஓடவிட்டால் ஆதார் ஸ்கேன், பாஸ்புக் படம் எல்லாம் எழுந்து வந்துவிடும். உங்களுடையது ஹார்ட் டிஸ்க் என்றால் விண்டோஸ் இன்ஸ்டால் செய்யும் பென்டிரைவிலிருந்து கம்ப்யூட்டரைத் தொடங்கி, மொழி கேட்கும் திரையில் ஷிஃப்ட்டும் எஃப்10-ம் சேர்த்து அழுத்துங்கள், கருப்பு ஜன்னல் வரும். அதில் டிஸ்க்பார்ட் (diskpart) என்று டைப் செய்து என்டர், பிறகு லிஸ்ட் டிஸ்க் (list disk). வரும் பட்டியலில் அளவைப் பார்த்து (1 டிபி டிஸ்க் 931 ஜிபி என்று காட்டும்) சரியான எண்ணை செலக்ட் செய்துவிட்டு (select disk, கூடவே அந்த எண்) கிளீன் ஆல் (clean all) கொடுங்கள். வெறும் கிளீன் வேண்டாம், அது பார்ட்டிஷன் விவரத்தை மட்டும்தான் அழிக்கும். 1 டிபிக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். அதுவரை கர்சர் மட்டும் மினுக்கிக்கொண்டிருக்கும், வேறு எந்த அசைவும் இருக்காது. ஹேங் ஆகிவிட்டது என்று நினைத்து பவர் பட்டனை அழுத்திவிடாதீர்கள். இன்னொன்று, தொடங்கும் முன் எக்ஸ்டர்னல் டிரைவ் ஏதாவது சொருகியிருந்தால் உருவிவிடுங்கள். தவறான எண்ணைக் கொடுத்துக் கல்யாண ஆல்பத்தைத் துடைத்தவர்கள் உண்டு.

35 முறை அழித்தால்தான் பாதுகாப்பு என்கிறார்களே?

கணினிப் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர் பீட்டர் கட்மேன் 1996-ல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்த கணக்கு அது, அந்தக் காலத்து டிஸ்க்குகளுக்கானது. இன்றைய டிஸ்க்குகளுக்கு 35 முறை தேவையில்லை என்று பிற்பாடு அவரே எழுதியிருக்கிறார். முழு டிஸ்கையும் ஒருமுறை பூஜ்யத்தால் நிரப்பினால் போதும்.

என்னிடம் இருப்பது எஸ்எஸ்டி. இதே முறைதானா?

இல்லை. சுழலும் தட்டுக்குப் பதில் சிப்பில் தகவல் வைக்கும் எஸ்எஸ்டி, தேய்மானத்தைப் பரப்புவதற்காக ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் எழுதும். நமக்குக் கண்ணில் காட்டாத உபரி இடமும் அதில் உண்டு. மேலே மேலே எழுதி அழிக்கப் பார்த்தால் தேய்மானம்தான் மிச்சம், ஏதோ ஒரு மூலையில் பழையது தங்கியும் போகலாம். பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புத் திரை) செக்யூர் இரேஸ் என்ற முழுதாக அழிக்கும் கட்டளை இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் எஸ்எஸ்டி தயாரித்தவர்களே தரும் மென்பொருளில் இருக்கும். எஸ்எஸ்டியே அந்தக் கட்டளையை எடுத்துக்கொண்டு தன்னைத் துடைத்துக்கொள்ளும். பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

அண்ணா, எங்கள் கடைக் கணக்கு முழுக்க டாலியில். பேக்கப் எடுத்துவிட்டேன், பார்மட் அடிக்கலாமா?

அவசரப்படாதீர்கள் அக்கா. எடுத்த பேக்கப்பைத் திறந்து பார்த்தீர்களா? போன வருடம் ஒருவர் வேறு எங்கோ பார்மட் அடித்து முடித்துவிட்டு, "பேக்கப் திறக்கவில்லை" என்று என்னிடம் பென்டிரைவைக் கொண்டுவந்தார். உள்ளே நாற்பது ஐகான்கள், ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு சின்ன அம்புக்குறி, ஒவ்வொன்றும் 2 கேபி. டெஸ்க்டாப்பில் இருந்த ஷார்ட்கட்டுகளை மட்டும் காப்பி செய்திருக்கிறார்கள். புதிய ஓஎஸ் அதே இடத்தில் எழுதப்பட்டுவிட்டதால் பாதியைக்கூட என்னால் மீட்க முடியவில்லை. அந்த மனிதர் பேச்சே வராமல் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அதனால் டாலியிலேயே பேக்கப் எடுங்கள், டேட்டா ஃபோல்டரையும் அப்படியே தனியாகக் காப்பி செய்யுங்கள், இரண்டையும் வேறு ஒரு கம்ப்யூட்டரில் போட்டுக் கடைசியாகப் போட்ட பில் வருகிறதா என்று பாருங்கள். பார்மட்டுக்கு முன்பே டாலி லைசென்ஸை சரண்டர் செய்துவிட்டால் (இந்த மெஷினிலிருந்து விடுவித்துவிட்டால்) திரும்பப் போடும்போது தொல்லை இருக்காது. அப்புறம் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், அவுட்லுக்கின் மெயில்கள் இருக்கும் பிஎஸ்டி ஃபைல், பாமினி மாதிரி பழைய தமிழ் ஃபான்ட்டுகள், இவற்றையும் எடுத்து வையுங்கள். பாமினி இல்லாமல் பழைய கடிதங்களைத் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும்.

ஓஎஸ் போடும்போது டிரைவே காட்டவில்லை சார். எஸ்எஸ்டி போய்விட்டதா?

11-ஆம் தலைமுறை இன்டெல்லோ அதற்குப் பிந்தியதோ என்றால் எஸ்எஸ்டி மேல் பழி போட வேண்டாம். டிரைவ்களை நிர்வகிக்கும் விஎம்டி என்ற இன்டெல் அமைப்பு ஆனில் இருந்தால் இன்ஸ்டாலருக்கு டிரைவ் தெரியாமல் போகும். லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து எஸ்எஸ்டியைக் கண்ணில் காட்டும் இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரை இறக்கி, பிரித்துப் பென்டிரைவில் வைத்து, அந்தத் திரையிலேயே லோட் டிரைவர் கொடுங்கள்.

புராடக்ட் கீ இல்லையே?

ஏற்கனவே ஆக்டிவேட் ஆன மெஷின் என்றால் கவலை வேண்டாம், டிஜிட்டல் லைசென்ஸ் மதர்போர்டோடு சேர்ந்தது. கீ இல்லை என்று கொடுத்து, முன்பு இருந்த அதே ஹோம் அல்லது புரோவைத் தேர்ந்தெடுத்தால் நெட் கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகும்.

4-ஆம் தலைமுறை ஐ5 வைத்திருக்கிறேன். விண்டோஸ் 11 போடலாமா?

இன்டெல்லில் 8-ஆம் தலைமுறையிலிருந்துதான் ஆதரவு, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சத்தையும் கேட்கும். குறுக்கு வழிகள் இருக்கின்றன, ஆனால் வேலைக்கு நம்பியிருக்கும் மெஷினில் நான் போட்டுத் தர மாட்டேன். நெட்டும் படிப்பும் மட்டும்தான் என்றால் லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஓஎஸ் போடுங்கள், பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்து வைஃபை, சவுண்ட் எல்லாம் சரியா என்று தெரிந்துகொண்ட பிறகு டிஸ்கில் ஏற்றலாம்.

புதிதாக ஓஎஸ் போட்ட பிறகும் ஆமை வேகம்தான். மறுபடி பார்மட் அடிக்கவா?

வேண்டாம். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டு டிஸ்கின் உடல்நிலையைப் பாருங்கள். மஞ்சளில் காஷன் என்று வந்து, ரீஅலொகேட்டட் செக்டாரோ பென்டிங் செக்டாரோ (கெட்டுப்போன, சந்தேகமான இடங்களின் கணக்கு) நாளுக்கு நாள் ஏறினால் அந்த டிஸ்க் சாகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். எத்தனை முறை பார்மட் அடித்தாலும் அது தேறாது. முக்கியமான ஃபைல்களை இன்றைக்கே வெளியே எடுத்துவிட்டு ஒரு எஸ்எஸ்டி வாங்கி மாட்டுங்கள்.