கொத்துக்கறி உருண்டை உடையாமல் வேக

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம் இருக்கிறோம். புரட்டாசி விரதம் முடிந்த முதல் ஞாயிறு, பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று ஆட்டுக்கறி மின்ஸ் (கொத்துக்கறி) அரைக் கிலோ வாங்கி, உருண்டை பிடித்து, வாணலியில் கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பொரித்தேன். பாதி உடைந்து தூளாகிவிட்டது. உடையாதவை மேலே கருகி, உள்ளே சிவப்பாகவே இருந்தன. முட்டை, பிரெட் தூள், மசாலா எல்லாம் போட்டுத்தான் பிசைந்தேன். வீட்டில் மாட்டுக்கறி சேர்ப்பதில்லை. நாலு பேர் இரவுச் சாப்பாட்டுக்குச் சுலபமாக ஒரு வழி சொல்லுங்கள் அக்கா.

பதில்: உடைந்ததற்கும் கருகியதற்கும் காரணம் வேறு வேறு. முதலில் உடைந்ததைப் பார்ப்போம், பலரும் தடுமாறுவது அங்கேதான்.

எங்கள் ஆயா கோலா உருண்டைக்குக் கறியை அம்மியில் வைத்து அரைப்பார். உப்பும் சோம்பும் சேர்த்து இழுத்து இழுத்து அரைக்க, கறி பசையாகிவிடும். முட்டையே போடமாட்டார், ஒரு உருண்டைகூட உடைந்ததில்லை. கடை மெஷினில் வருகிற மின்ஸ் அப்படி இல்லை. அது வெட்டித் தள்ளிய துணுக்குகள்தான், ஒன்றோடொன்று ஒட்டியிருக்காது. அம்மி செய்த வேலையை இப்போது நம் கைதான் செய்ய வேண்டும்.

அதற்கு உப்பு முதலிலேயே வேண்டும். கறியில் உப்புப் பட்டுப் பிசையும்போது மயோசின் என்ற புரதம் கரைந்து வெளியே வருகிறது. கையில் பிசுபிசுவென்று ஒட்டுவது அதுதான். சூடு பட்டதும் அது இறுகித் துணுக்குகளைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். வெங்காயம், முட்டை, தூள் எல்லாம் போட்டுவிட்டுக் கடைசியில் உப்பைத் தூவிக் கிளறினால் அந்தப் பசை சரியாக வராது. முட்டை ஓரளவுக்கு உதவும், ஆனால் பசையின் வேலையை அது செய்யாது.

அரைக் கிலோ மின்ஸுக்கு ஒன்றேகால் தேக்கரண்டி தூள் உப்பு. கறி ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ச்சியோடு இருக்க வேண்டும், கொழுப்பு இளகிவிட்டால் பசை பிடிக்காது. உப்பை மட்டும் போட்டு, உள்ளங்கையின் அடிப்பாகத்தால் பாத்திரத்தின் ஓரத்தில் தேய்த்துத் தேய்த்து இரண்டு மூன்று நிமிடம் பிசையுங்கள். தூள்தூளாக உதிர்ந்துகொண்டிருந்த கறி மெல்ல ஒரே கட்டியாகத் திரண்டு, விரலை எடுக்கும்போது நூல் மாதிரி இழுக்கும். எலுமிச்சை அளவு எடுத்து உள்ளங்கையில் அப்பி, கையைக் கவிழ்த்துப் பாருங்கள். பத்து எண்ணும்வரை விழாமல் ஒட்டியிருந்தால் போதும். அதற்கு மேலும் பிசைந்தால் உருண்டை ரப்பர் மாதிரி ஆகிவிடும்.

இனி மிருதுவாக்க. காய்ந்த பிரெட் தூள் கறியின் ஈரத்தை உறிஞ்சிவிடும். அதற்குப் பதிலாக ஓரம் நீக்கிய இரண்டு துண்டு பிரெட்டை நாலு மேசைக்கரண்டி பாலில் ஐந்து நிமிடம் ஊறவைத்து, கூழாக மசித்துச் சேருங்கள். இங்கே அஃப்ரிகான்ஸ் மொழி பேசுகிறவர்கள் ஃப்ரிக்கடெல் என்கிற அவர்களுடைய கறி உருண்டை செய்யும்போதும் பிரெட்டைப் பாலில் ஊறவைத்துப் போடுவது வழக்கம். பால் வேண்டாம் என்றால் நம் வழி இருக்கவே இருக்கிறது, பொட்டுக்கடலை மாவு மூன்று மேசைக்கரண்டி, கொஞ்சம் தண்ணீர் தெளித்து.

வெங்காயத்தைப் பச்சையாகப் போடாதீர்கள். வேகும்போது அது தண்ணீர் விட்டு உருண்டையை உள்ளிருந்தே பிளக்கும். பொடியாக நறுக்கி, ஒரு கரண்டி எண்ணெயில் வதக்கி, நன்றாக ஆறவிட்டுச் சேருங்கள். இஞ்சி பூண்டு விழுது ஒரு தேக்கரண்டி, சோம்புத்தூள், மிளகுத்தூள் அரை அரைத் தேக்கரண்டி, ஒரு பிடி தனியா இலை. இவற்றை அழுத்திப் பிசையாமல் விரலால் கலந்தாலே போதும்.

மசாலா என்று எழுதியிருந்தீர்கள். டர்பன் மசாலாவில் மிளகாய்த்தூள் அதிகம். உருண்டையின் மேல்பக்கத்தில் இருக்கிற தூள், கறி வேகும் முன்பே கருகிவிடும். உங்களுக்குக் கருகியதில் அதற்கும் பங்கு இருக்கும். மசாலாவைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கறி வாங்கும்போதும் ஒன்று கவனியுங்கள். இங்கே சும்மா மின்ஸ் என்று கேட்டால் பெரும்பாலும் மாட்டுக்கறிதான் தருவார்கள். ஆட்டுத் தோள்கறியைக் காட்டி, கண் முன்னால் அரைத்துத் தரச் சொல்லுங்கள். அதற்கு முன் அந்த மெஷினில் என்ன அரைத்தார்கள் என்றும் கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை. கொழுப்பே இல்லாத கறி வேண்டாம், நூற்றுக்குப் பதினைந்து இருபது பங்காவது கொழுப்பு இருந்தால்தான் உருண்டை வறளாது.

உருண்டை ஒவ்வொன்றும் சுமார் 30 கிராம், பெரிய நெல்லிக்காய் அளவு. இருபதுக்கு மேல் வரும். கையை நனைத்துக்கொண்டு விரிசல் இல்லாமல் உருட்டி, லேசாகத் தட்டையாக்குங்கள். முழு உருண்டை வாணலியில் ஒரு புள்ளியில்தான் படும், தட்டினால் சூடு நடுவரை சீக்கிரம் போகும். அப்புறம் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

அடி கனமான வாணலியில் மூன்று மேசைக்கரண்டி எண்ணெய், அடுப்பு மிதமாக. முதலில் ஒரே ஒரு உருண்டையைப் பொரித்துத் தின்று பார்த்து, உப்புக் காரம் சரிசெய்யுங்கள். பிறகு இடைவெளி விட்டு அடுக்குங்கள். நெருக்கிப் போட்டால் தண்ணீர் விட்டு அவிய ஆரம்பிக்கும், சலசலவென்ற சத்தம் அடங்கிவிடும். இரண்டு ஈடாகப் போடுவதே நல்லது. போட்டதும் கரண்டியால் தொடாதீர்கள். மூன்று நிமிடத்தில் அடிப்பக்கம் சிவந்து, ஓரத்தில் பழுப்பு ஒரு கோடாக மேலேறும். அப்போது தானாகவே வாணலியை விட்டு வரும். வராமல் பிடித்துக்கொண்டால் இன்னும் ஆகவில்லை, சுரண்டாமல் அரை நிமிடம் பொறுங்கள். உடைவதில் பாதி இந்தச் சுரண்டலால்தான்.

திருப்பிப் போட்டு இன்னும் மூன்று நிமிடம் ஆனதும் தீயைக் குறைத்து, ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து, மூடி நாலைந்து நிமிடம் விடுங்கள். ஆவியில் நடுப்பகுதி வெந்துவிடும். தெளிக்கும்போது எண்ணெய் தெறிக்கும், பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

வெந்ததா என்பதை நிறத்தை மட்டும் வைத்து நம்பாதீர்கள். முழுத் துண்டுக் கறியில் கிருமி பெரும்பாலும் மேற்பரப்பில் இருக்கும். அரைக்கும்போது அது உள்ளேயும் கலந்துவிடும், அதனால் மின்ஸ் நடுவரை வேகத்தான் வேண்டும். சமையல் தெர்மாமீட்டரை நடுவில் குத்தினால் ஆட்டுக்கறிக்கு 71 டிகிரி செல்சியஸ், கோழிக்கறிக்கு 74 காட்ட வேண்டும். அதிக விலையில்லாத சாமான்தான், பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு ஒன்று வாங்கிவிடுங்கள் என்று கட்டாயமாகவே சொல்வேன்.

உருண்டைகளை எடுத்த பிறகு வாணலியைக் கழுவாதீர்கள். அடியில் பிடித்திருக்கிற பழுப்பில்தான் ருசி. அதிலேயே கறிவேப்பிலை, இரண்டு தக்காளி, அரைத் தேக்கரண்டி மசாலா போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சுரண்டிக் கொதிக்கவிட்டால் பத்து நிமிடத்தில் குழம்பு. பெரியவர்களின் உருண்டைகளை அதில் போடுங்கள். காரம் தாங்காத பிள்ளைக்கு அப்படியே ரொட்டியில் சுருட்டிக் கொடுத்துவிடலாம்.