நிலா கோளை மறைக்கும் நேரம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

நிலாதான் மாதம் ஒருமுறை வானத்தைச் சுற்றிவிடுகிறதே, பிறகு ஏன் மாதாமாதம் எல்லாக் கோள்களையும் மறைப்பதில்லை?

கோள்கள் வானத்தில் சூரியனின் பாதையை ஒட்டியே செல்கின்றன. நிலாவின் பாதையோ அதற்குச் சுமார் 5 பாகை சாய்ந்திருக்கிறது. நிலாவின் அகலமோ அரைப் பாகைதான். அதனால் பெரும்பாலும் கோளுக்கு மேலாகவோ கீழாகவோ போய்விடும். மறைப்பு நடந்தாலும் எல்லா ஊரிலும் தெரியாது. நிலா நமக்கு மிக அருகில் இருப்பதால், நாம் இடம் மாறினால் அதுவும் பின்னணி வானத்தில் சற்று இடம் மாறித் தெரியும். 2022 டிசம்பரில் முழுநிலா செவ்வாயை மறைத்ததை வட அமெரிக்காவின் பெரும்பகுதியிலும் ஐரோப்பாவிலும் பார்த்தார்கள். அமெரிக்காவின் கிழக்குக் கரையோரம் இருந்தவர்களுக்கோ, செவ்வாய் நிலாவை ஒட்டிப் போனதோடு சரி. ஆகவே பொதுவாக அறிவிக்கப்படும் நேரத்தை நம்பாமல், ஸ்டெல்லேரியம் போன்ற வான வரைபடச் செயலியில் உங்கள் இடத்தைச் சரியாகக் கொடுத்துப் பாருங்கள்.

கோள் மறைவதைப் பிடித்துவிடுகிறேன். வெளியே வருவதைத்தான் எப்போதும் தவறவிடுகிறேன்.

மறையும்போது கோள் கண்ணெதிரே இருக்கிறது. வெளிவரும்போது எங்கே பார்ப்பது என்று தெரிவதில்லை. சிக்கல் அதுதான். நிலா விண்மீன்களுக்கிடையே கிழக்கு நோக்கி மணிக்கு ஏறத்தாழ தன் அகல அளவு நகர்கிறது. எனவே கோள் கிழக்கு விளிம்பில் மறைந்து மேற்கு விளிம்பில் வரும். வளர்பிறையில் கிழக்கு விளிம்பு இருட்டு, தேய்பிறையில் மேற்கு. அரிஸ்டாட்டில் பதிவுசெய்த செவ்வாய் மறைப்பும் அப்படித்தான்: அரைநிலாவின் இருண்ட பக்கத்தில் புகுந்து ஒளிப்பக்கத்தில் வெளிவந்தது. செவ்வாய் நிலாவுக்கு அப்பால் இருக்கிறது என்று அவர் அதைக்கொண்டே முடிவுசெய்தார். அது கி.மு. 357-இல் நடந்தது என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

செயலியில் வெளிவரும் நொடிவரை நேரத்தை ஓட்டி, அந்த இடத்துக்குப் பக்கத்தில் எந்தப் பள்ளம், எந்தக் கருந்திட்டு என்று குறித்துவையுங்கள். தொலைநோக்கியில் உருவம் தலைகீழாகவோ இடவலம் மாறியோ தெரிந்தால், செயலியிலும் அப்படியே திருப்பிக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் எதிர்ப்பக்க விளிம்பையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் நிறைய. வீடியோவை 2 நிமிடம் முன்பே ஓடவிடுங்கள்.

படத்தில் நிலா சரியாக விழுந்தால் சனி தெரிவதில்லை. சனி சரியாக விழுந்தால் நிலா வெள்ளையடித்துவிடுகிறது. என்ன செய்ய?

கேமராவின் குறை அல்ல. சனி சூரியனிலிருந்து பூமியைவிட 9.5 மடங்கு தொலைவில் இருப்பதால், அதன்மேல் விழும் வெயில் நிலாவின்மேல் விழுவதில் ஏறத்தாழ 90-இல் ஒரு பங்குதான். வியாழனுக்கு 27-இல் ஒரு பங்கு. அவற்றின் மேகங்கள் நிலாவின் கரும்பாறையைவிட நன்றாக ஒளியைத் திருப்பியனுப்புவதால் நட்டம் ஓரளவு ஈடாகிறது, முழுவதும் அல்ல. வெள்ளி நேர்மாறு: நிலாவைவிடப் பல மடங்கு பளிச்சென்று இருப்பதால் அதுதான் முதலில் வெளுத்துப்போகும்.

வியாழனுக்கும் சனிக்கும், நிலாவின் ஒளி விளிம்பு வெளுக்கத் தொடங்கும் எல்லைவரை எக்ஸ்போஷரை (கேமராவுக்குள் விடும் ஒளியின் அளவை) ஏற்றி, கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா வடிவில் எடுத்து, கோளின் வெளிச்சத்தைப் பிறகு கூட்டிவிடுவது என் வழி. இரண்டு எக்ஸ்போஷரில் தனித்தனியாக எடுத்து இணைப்பதும் தவறில்லை. ஆனால் இணைத்த படம் என்று படத்தின் கீழேயே எழுதுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கோளைப் பெரிதாக்கி ஒட்டிய படங்களைப் பார்த்துவிட்டு, உண்மையான படத்தை "இவ்வளவு சின்னதா?" என்று கேட்கிறார்கள். வியாழனின் அகலம் முக்கால் கலைதான் (ஒரு கலை என்பது பாகையில் 60-இல் ஒரு பங்கு), நிலாவின் அகலமோ 30 கலை. அந்த விகிதம்தான் இந்தக் காட்சியின் அழகே.

வீடியோவின் ஃபிரேம்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கினால் (ஸ்டாக் செய்தால்) நிலாவின் விளிம்பு கலங்கிவிடுகிறது.

நிலாவும் கோளும் ஒன்றையொன்று கடந்து நொடிக்கு அரை விகலைவரை (ஒரு விகலை என்பது கலையில் 60-இல் ஒரு பங்கு) நகர்கின்றன. உங்கள் அமைப்பில் ஒரு பிக்சலுக்குக் கால் விகலை என்றால், நொடிக்கு 2 பிக்சல். 30 நொடி வீடியோவில் 60 பிக்சல். எந்த மென்பொருளாலும் இரண்டையும் சேர்த்து நிறுத்த முடியாது. தொடும் தருணத்துக்கு ஒரு நொடிக்குள் விழுந்த ஃபிரேம்களை மட்டும் எடுங்கள். இரைச்சல் கூடும், பரவாயில்லை.

பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

விண்மீன் சட்டென்று அணையும். நிலாவில் ஒளியைப் படிப்படியாக மங்கச் செய்யும் அளவுக்குக் காற்று இல்லை. கோளுக்கு அகலம் இருப்பதால் நேரம் எடுக்கும். வியாழன் முழுதாக மறைய ஒன்றரை நிமிடமோ அதற்கு மேலோ ஆகும். வியாழனின் பெரிய நிலாக்கள் நான்கும் அதன் இருபுறமும் பரவியிருந்தால், முன்னும் பின்னுமாக ஒவ்வொன்றாக மறையும். சனியில் முதலில் வளையத்தின் ஒரு முனை, பிறகு உருண்டை, கடைசியாக மறுமுனை. இருண்ட விளிம்பில் இது நடந்தால் தடுப்பது எது என்றே கண்ணுக்குத் தெரியாது, கோள் ஒரு பக்கமாகக் கரைந்துகொண்டே போகும். அந்த ஒன்றரை நிமிடம் கேமராவைத் தானாக ஓடவிட்டு, இன்னொரு சிறு தொலைநோக்கியில் நேரில் பாருங்கள்.

கைபேசி போதுமா?

சிறு தொலைநோக்கியின் கண்ணருகு வில்லையில் பிடிமானத்தோடு பொருத்தினால் போதும். ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் பூட்டிவிடுங்கள்.

பகலில் வெள்ளி மறைப்பு தெரியுமா?

தெளிந்த வானத்தில் தெரியும். முதலில் வெளிறிய பிறையைக் கண்டுபிடியுங்கள், அதையொட்டி வெள்ளி இருக்கும். சூரியன் அருகிலேயே இருக்கும் என்பதால், சூரியனை முழுதாக மறைக்கும் சுவரின் நிழலில் தொலைநோக்கியை வையுங்கள். நிழல் நகரும், அது விலகும் முன்பே கண்ணை எடுத்து, மூடியைப் போட்டுவிட வேண்டும்.