கார் பாலிஷ் மெஷின்: எதை வாங்கலாம்?

கேள்வி: ஐந்து வருஷம் ஓடிய கறுப்பு ஹேட்ச்பேக் வைத்திருக்கிறேன். வெயிலில் நிறுத்தினால் பானெட் முழுக்க வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள் தெரிகின்றன. கடையில் கொடுத்து பாலிஷ் போட ஒவ்வொரு தடவையும் கட்டுப்படியாகவில்லை, மெஷின் வாங்கி நானே போடலாம் என்று பார்க்கிறேன். ஆன்லைனில் ரோட்டரி என்று ஒன்றும் டிஏ என்று ஒன்றும் இருக்கிறது. ரோட்டரிதான் விலை குறைவு, பவரும் அதிகம். எதை வாங்குவது? (வாசகர், கோவை)

பதில்: டிஏ வாங்குங்கள். டூயல் ஆக்‌ஷன் என்பதைத்தான் சுருக்கி அப்படிச் சொல்கிறார்கள். முதல் தடவை மெஷினைக் கையில் எடுக்கிறவருக்கு, அதுவும் கறுப்பு வண்டிக்கு, நான் வேறு எதையும் சொல்ல மாட்டேன்.

காரணம் இதுதான். ரோட்டரி, முனையில் மாட்டும் பேடை (பெயிண்டைத் தேய்க்கும் ஃபோம் அல்லது கம்பளி வட்டு) ஒரே அச்சில், ஒரே திசையில், நிமிஷத்துக்கு 600 முதல் 3,000 சுற்று வரை சுழற்றும். நீங்கள் எவ்வளவு அழுத்தினாலும் அது நிற்காது. பட்டறையில் பெயின்டர்கள் வைத்திருக்கும் பாஷ், மகிதா மெஷின்கள் பெரும்பாலும் இந்த வகைதான், கை பழகியவர்களிடம் அது அருமையாக வேலை செய்யும். ஆனால் ஒரே இடத்தில் கொஞ்சம் தங்கிவிட்டால் சூடு ஏறிவிடும், பானெட் விளிம்பிலோ ஃபெண்டரின் மடிப்பிலோ பட்டால் அங்கே பெயிண்ட் போய் அடியில் இருக்கும் பிரைமர் தெரிய ஆரம்பித்துவிடும். அப்படி ஆகாவிட்டாலும், கை சரியாக ஓடவில்லை என்றால் ஹாலோகிராம் என்று சொல்கிற நிழல் கோடுகளை விட்டுவிடும். பட்டறைக்குள் பார்க்கும்போது ஒன்றும் தெரியாது, ராத்திரி பெட்ரோல் பங்க் விளக்குக்குக் கீழே நிறுத்தும்போதுதான் வண்டி முழுக்கத் தெரியும், கறுப்பு நிறத்தில் இன்னும் மோசமாகத் தெரியும்.

டிஏ அப்படியில்லை. பேட் சுற்றிக்கொண்டே சின்ன வட்டமாக ஆடவும் செய்யும், அதனால் ஒரே இடத்தில் சூடு சேர்வது குறைவு. ரொம்ப அழுத்தினால் சுற்றுவது நின்று வெறும் ஆட்டம் மட்டும் இருக்கும், அதாவது உங்கள் கை தப்பு செய்தாலும் மெஷின் பெரிய சேதம் பண்ணாது. ஜெர்மனியின் ஃப்ளெக்ஸ் மாதிரி சில கம்பெனிகள் கியர் வைத்து, அழுத்தினாலும் நிற்காமல் சுற்றும் டிஏவும் செய்கின்றன. அது உங்களுக்கு இப்போது தேவையில்லை.

இதில் நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரே காரணம், பாலிஷ் போடுவது என்றாலே பெயிண்டைத் தேய்த்து எடுப்பதுதான். நிறத்துக்கு மேலே இருக்கும் கிளியர் கோட் என்ற நிறமில்லாத படலம் பொதுவாக 35 முதல் 50 மைக்ரான் வரைதான் இருக்கும். நம் தலைமுடி ஒன்றின் தடிமனே கிட்டத்தட்ட 70 மைக்ரான். கீறல் போகிறது என்றால், கீறலைச் சுற்றி இருக்கும் கிளியர் கோட்டை அந்தக் கீறலின் ஆழத்துக்குக் குறைத்திருக்கிறோம் என்று அர்த்தம். வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காப்பாற்றுவதும் அந்தப் படலம்தான். அது ஒரு தடவை போனால் போனதுதான், மறுபடியும் பெயிண்ட் அடித்தால்தான் உண்டு. அதனால் எவ்வளவு பளபளப்பு வந்தது என்று பார்ப்பதைவிட, எவ்வளவு குறைவாகத் தேய்த்து அந்தப் பளபளப்பைக் கொண்டுவந்தோம் என்று பாருங்கள்.

கேள்வி: டிஏ மெஷின்களில் 8 மி.மீ., 15 மி.மீ., 21 மி.மீ. என்று போட்டிருக்கிறார்களே, அது என்ன? வாட்ஸ் எவ்வளவு இருக்க வேண்டும்? (வாசகி, மதுரை)

பதில்: பேட் ஆடும் வட்டத்தின் விட்டம் அது. எண் பெரிதானால் ஒரே ஆட்டத்தில் அதிக இடத்தைத் தேய்க்கும், பானெட், ரூஃப் மாதிரி தட்டையான இடத்தில் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் வளைவான இடத்தில் பெரிய ஆட்டம் உள்ள மெஷின் பேடைச் சுற்றவிடாமல் நிறுத்திக்கொள்ளும். இத்தாலியின் ரூப்பெஸ் கம்பெனி பெரிய ஆட்டம் உள்ள மெஷின்களைப் பிரபலமாக்கிய பிறகு எல்லோரும் 21 என்றே கேட்கிறார்கள். நம் ஊர் சின்ன கார்களில் கதவு, பம்பர் எல்லாம் வளைவும் மடிப்புமாக இருப்பதால் 15 வாங்குங்கள், பேட் ஒட்டும் தட்டான பேக்கிங் பிளேட் 5 இஞ்ச் இருந்தால் போதும்.

வாட்ஸை நம்பி வாங்க வேண்டாம். 700 முதல் 900 வாட் வரை இருக்கும் மெஷின் வீட்டுக்கு ஏராளம். அதைவிட முக்கியம், ஸ்பீடு டயல் இருக்கிறதா, ஸ்விட்சை அமுக்கியதும் பாய்ந்து கிளம்பாமல் மெதுவாக வேகம் எடுக்கிறதா, பேக்கிங் பிளேட்டும் கார்பன் பிரஷ்ஷும் தனியாகக் கிடைக்கிறதா என்பதுதான். முடிந்தால் கடையில் கையில் பிடித்து ஓட்டிப் பாருங்கள். அரை மணி நேரத்தில் விரல் மரத்துப்போகிற அளவுக்கு அதிர்கிற மெஷினை வைத்துக்கொண்டு ஒரு கதவைக்கூட ஒழுங்காக முடிக்க முடியாது.

ஒரு சின்ன வேலை செய்யுங்கள். பேக்கிங் பிளேட்டின் விளிம்பில் மார்க்கரால் ஒரு தடித்த கோடு போடுங்கள். தேய்க்கும்போது அந்தக் கோடு சுற்றுவது கண்ணுக்குத் தெரிந்தால் வேலை நடக்கிறது. ஒரே இடத்தில் நின்று நடுங்குகிறது என்றால் அதிகம் அழுத்துகிறீர்கள், அல்லது பேடைச் சாய்த்துப் பிடித்திருக்கிறீர்கள்.

கேள்வி: வீட்டில் 4 இஞ்ச் கிரைண்டர் இருக்கிறது. அதில் மாட்டும் கம்பளிப் பேட் மலிவாகக் கிடைக்கிறது. அதுவே போதாதா? (வாசகர், ஈரோடு)

பதில்: தயவுசெய்து வேண்டாம். சாதாரண 4 இஞ்ச் கிரைண்டர் நிமிஷத்துக்கு சுமார் 11,000 சுற்று ஓடும், பாலிஷ் போடுவதற்கான ரோட்டரியே 3,000-ஐத் தாண்டாது. அந்த வேகத்தில் பெயிண்ட் வெந்துவிடும், பேட் பிய்த்துக்கொண்டு முகத்தில் அடிக்கவும் செய்யும். டிரில்லில் மாட்டும் ஃபோம் பேட் ஹெட்லைட் மஞ்சள் எடுக்க உதவும், முழு வண்டிக்கு அது ஆகாது.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி போர்ட்டர் கேபிள் மெஷின் வாங்கி வருகிறேன் என்கிறான். வாங்கி வரச் சொல்லலாமா? (வாசகர், திருச்சி)

பதில்: அது நல்ல மெஷின்தான், ஆனால் 120 வோல்ட்டுக்குச் செய்தது. நம் 230 வோல்ட் ப்ளக்கில் நேராகச் செருகினால் மோட்டார் எரிந்துவிடும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டலாம். மெஷின் 500 வாட்டுக்கு மேல் இழுக்கும் என்பதால் 1,000 வாட் தாங்கும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், அது கனமாக இருக்கும், வண்டியைச் சுற்றி அதையும் இழுத்துக்கொண்டு போக வேண்டும். அதற்குப் பதிலாக நல்ல ஃபோம் பேடுகளும் மைக்ரோஃபைபர் துணிகளும் வாங்கி வரச் சொல்லுங்கள், எடையும் குறைவு.

கேள்வி: மெஷின் வாங்கிவிட்டேன். அப்புறம் என்னென்ன வேண்டும்? எப்படி ஆரம்பிப்பது? (வாசகர், சென்னை)

பதில்: மெஷினைவிட பேடும், காம்பவுண்டு, பாலிஷ் என்கிற பசைகளும்தான் வேலை செய்கின்றன. காம்பவுண்டு அதிகம் தேய்க்கும், பாலிஷ் குறைவாகத் தேய்க்கும். ஃபோம் பேடில் கடினமானது அதிகம் தேய்த்தெடுக்கும், நடுத்தரமானது பாலிஷுக்கு, மிருதுவானது கடைசி மெருகுக்கு. கலரை வைத்து முடிவு செய்யாதீர்கள், ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு கலர் வைத்திருக்கிறது. நடுத்தரப் பேட் குறைந்தது நான்கு வாங்குங்கள். ஒரே பேடை வைத்து முழு வண்டியும் போட்டால் அது காம்பவுண்டில் ஊறி, சூடாகி, நடுவில் வெல்க்ரோ விட்டுவிடும்.

முதலில் வண்டியை நன்றாகக் கழுவுங்கள், பிறகு கிளே பார் (ஒட்டியிருக்கும் தூசியை எடுக்கும் களிமண் மாதிரியான கட்டி) போட்டுத் தேயுங்கள். கையால் தடவினால் மணல்போல் நெருடுவது நின்றுவிட வேண்டும், இல்லையென்றால் அந்தத் தூசியையே மெஷினை வைத்து பெயிண்டில் தேய்த்ததாகிவிடும். போர் தண்ணீரில் கழுவினால் காயவிடாமல் உடனே துடைத்துவிடுங்கள், சென்னையில் பல இடங்களில் அதிலிருக்கும் உப்பு வெள்ளை வெள்ளையாகத் திட்டுப் பிடித்துவிடும். நிழலில்தான் வேலை செய்ய வேண்டும், பானெட்டில் கை வைத்தால் சில்லென்று இருக்க வேண்டும். ரப்பர், கறுப்பு பிளாஸ்டிக், விளிம்புகள் எல்லாவற்றுக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். பம்பர் பிளாஸ்டிக், சூட்டைக் கடத்தாமல் அங்கேயே வைத்துக்கொள்ளும், அதனால் அங்கே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பானெட்டில் 2 அடிக்கு 2 அடி இடம் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நடுத்தரப் பேட், மெல்லிய பாலிஷ், பேடில் பட்டாணி அளவு நான்கு சொட்டு. மெஷினை வண்டிமேல் வைத்த பிறகுதான் ஸ்விட்ச் போட வேண்டும், இல்லையென்றால் சுவரெல்லாம் தெறிக்கும். ஸ்பீடு 1-இல் தடவிப் பரப்பிவிட்டு 4 அல்லது 5-க்கு ஏற்றி, கையை மெதுவாக நகர்த்தி, குறுக்கே ஒரு தடவை, நெடுக்கே ஒரு தடவை என்று மொத்தம் நான்கு முதல் ஆறு தடவை. துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். கீறல் போய்விட்டதென்றால் வண்டி முழுக்க அதையே செய்யுங்கள். போகவில்லை என்றால் மட்டும் ஒரு படி கடினமான பேடுக்கோ காம்பவுண்டுக்கோ போங்கள். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் பழைய டூத் பிரஷ்ஷால் பேடில் சேர்ந்த பசையைத் தட்டிவிடுங்கள்.

நகத்தை ஓட்டினால் மாட்டுகிற கீறலை விட்டுவிடுங்கள், அதைப் பாலிஷ் எடுக்காது, எடுக்க முயன்றால் கிளியர் கோட் போய்விடும். பழைய வண்டியில் பேட் வண்டியின் நிறத்திலேயே மாறினால் பயப்பட வேண்டாம், அது கிளியர் கோட் இல்லாத பெயிண்டாக இருக்கலாம். ஆனால் கிளியர் கோட் உள்ள புது வண்டியில் அப்படி நிறம் வந்தால் அந்த நிமிஷமே நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: இப்படி வருஷத்துக்கு எத்தனை தடவை போடலாம்? (அதே வாசகர்)

பதில்: காம்பவுண்டு என்றால் வருஷாவருஷம் வேண்டவே வேண்டாம். ஒரு தடவை சரியாகப் போட்டுவிட்டு மேலே பாதுகாப்புப் பூச்சாக வாக்ஸோ சீலன்ட்டோ போடுங்கள். சில மாதத்துக்கு ஒரு தடவை அதை மட்டும் புதுப்பித்தால் போதும், அதைக் கையாலேயே போடலாம். வாரா வாரம் கழுவும்போது இரண்டு பக்கெட் வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றில் ஷாம்பு, இன்னொன்றில் துணி அலச வெறும் தண்ணீர். காலையில் காய்ந்த தூசியோடு பழைய துணியால் துடைக்கும் பழக்கத்தையும் நிறுத்திவிடுங்கள், வட்டக் கீறல் வருவதே பெரும்பாலும் அதனால்தான்.